லைட் எரிகிறது, படம் இல்லை: இரண்டு கன்சோல்களைச் சரிசெய்த அனுபவம்

அக்கா மகன் கொண்டுவந்த பையில் இரண்டு கன்சோல்கள் இருந்தன. ஒன்று அவன் தினமும் விளையாடும் பிளேஸ்டேஷன் 4, 2013-இல் வந்த பழைய பெரிய பெட்டி. இன்னொன்று பரணிலிருந்து இறக்கிய பிளேஸ்டேஷன் 2. இரண்டுக்கும் புகார் ஒன்றுதான்: "லைட் எரியுது மாமா, படம்தான் வரல."

இந்த ஒரு வரியைக் கேட்டதும் திருப்புளியைத் தேடக் கூடாது. டிவி என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 'நோ சிக்னல்' என்று மிதக்கிறதா, இந்த ஃபார்மட் ஆகாது என்கிறதா, ஒன்றுமே சொல்லாமல் கறுப்பாக நிற்கிறதா, படம் வந்து வந்து போகிறதா, வெள்ளைப் புள்ளிகள் மினுக்குகின்றனவா? எல்லாவற்றையும் நாம் 'படம் வரல' என்ற கணக்கில்தான் எழுதுகிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கும் இடம் வேறு. கேபிளை மாற்று, போர்ட்டை மாற்று, டிவியை மாற்று என்று போனால் சில சமயம் சரியாகிவிடும்தான். எதனால் சரியானது என்று மட்டும் தெரியாது. அதனால் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: திரையில் எது இல்லையோ, அது எந்தக் கம்பி வழியாக வந்திருக்க வேண்டும்?

பிஎஸ்4-ஐ ஆன் செய்தேன். நீல விளக்கு துடித்தது, அப்புறம் வெள்ளையாக நின்றது. விசிறி சுற்றுகிறது, கன்ட்ரோலரும் இணைகிறது. ஆக, உள்ளே உயிர் இருக்கிறது. டிவியில் 'நோ சிக்னல்'. அதே கேபிள், அதே போர்ட்டில் செட்டாப் பாக்ஸைச் செருகினால் படம் பளிச்சென்று வந்தது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. செட்டாப் பாக்ஸில் வேலை செய்யும் கேபிள் எல்லாக் கன்சோலுக்கும் போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் 1080பி படத்துக்குக் கேபிளில் போவது நொடிக்குச் சுமார் 4.46 கிகாபிட். அதே வேகத்தில் 4கே என்றால் 17.82 கிகாபிட். முதலாவதைச் சுலபமாகக் கடத்தும் கேபிள் இரண்டாவதில் தடுமாறலாம். வெள்ளைப் புள்ளி மினுக்குவதும், இரண்டு நொடி கறுத்துப்போய்த் திரும்புவதும் பெரும்பாலும் இந்த வகைத் தடுமாற்றம்தான். பிஎஸ்4 பழைய மாடல் 1080பியைத் தாண்டாது என்பதால் என் சோதனை செல்லும். பிஎஸ்4 புரோவாகவோ பிஎஸ்5-ஆகவோ இருந்திருந்தால் அது பாதிச் சோதனைதான்.

அடுத்தது சேஃப் மோட், அதாவது அடிப்படை அமைப்புகளோடு மட்டும் கன்சோலைத் தொடங்குவது. கன்சோலை முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே ஒரு பீப், சுமார் 7 நொடியில் இன்னொன்று. இரண்டாவது பீப் கேட்டதும் விட்டுவிட்டால் குறைந்த ரெசல்யூஷனில் ஒரு மெனு வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் செருகித்தான் அதை இயக்க முடியும். டிவிக்கு ஆகாத ரெசல்யூஷனில் கன்சோல் மாட்டிக்கொண்டிருந்தால் இந்த மெனுவாவது தெரியும். அதிலேயே ரெசல்யூஷனை மாற்றிவிடலாம். பிஎஸ்3-இல் இதே வேலைக்கு ஸ்டாண்ட்பையிலிருந்து பவர் பட்டனை 5 நொடி பிடிக்க வேண்டும். டிஸ்க் போடும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பவரையும் எஜெக்டையும் சேர்த்துச் சுமார் 10 நொடி. வேறு டிவிக்கு மாற்றிய கையோடு படம் போனது என்றால் பெட்டியைத் திறக்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

எங்களுக்குத் தீரவில்லை. இரண்டு பீப்பும் கேட்டன, திரையில் ஒன்றும் இல்லை. ஆக, ரெசல்யூஷன் கோளாறு இல்லை.

எச்டிஎம்ஐ கேபிளில் 19 இணைப்புகள், ஒவ்வொன்றையும் பின் என்பார்கள். படத்தைச் சுமப்பவை அவற்றில் எட்டுதான்: மூன்று டேட்டா ஜோடிகள், அவற்றுக்குத் தாளம் போடும் ஒரு கிளாக் ஜோடி. அவற்றுக்குக் கவசமாக நான்கு. மீதியில் பல, இரண்டு பெட்டிகளும் பேசிக்கொள்வதற்காக. கன்சோல் முதலில் 18-ஆம் பின்னில் 5 வோல்ட் அனுப்பும். அது கதவைத் தட்டுவது மாதிரி. டிவி அந்த 5 வோல்ட்டையே ஒரு ரெசிஸ்டர் வழியாக 19-ஆம் பின்னில் திருப்பி அனுப்பி, 'இருக்கிறேன்' என்று சொல்லும். இதற்கு ஹாட் பிளக் என்று பெயர். அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் கன்சோல் 15, 16-ஆம் பின்கள் வழியாக டிவியின் நினைவகத்தைப் படிக்கும். என்ன ரெசல்யூஷன் ஆகும், என்ன ஒலி ஆகும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. பெரும்பாலான டிவிகளில் மொத்தமே 256 பைட்தான். ஈடிஐடி என்பது இதுதான். இதெல்லாம் முடிந்த பின்புதான் படம். 19-ஆம் பின்னில் பதில் வராவிட்டால், எட்டுக் கம்பிகளும் நன்றாக இருந்தாலும் கன்சோல் படம் அனுப்பத் தொடங்காது.

டார்ச்சையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு பிஎஸ்4-இன் போர்ட்டுக்குள் பார்த்தேன். நடுவே ஒரு பிளாஸ்டிக் நாக்கு. அதன் அகலமான பக்கத்தில் பத்துப் பின்கள், குறுகிய பக்கத்தில் ஒன்பது. அகலப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த கடைசிப் பின் தன் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, பக்கத்துப் பின்மேல் சாய்ந்து கிடந்தது. கண்ணுக்கு ஒரு மயிரிழை அளவு வித்தியாசம்தான். டார்ச்சை நேராகப் பிடித்தபோது தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தபோது மற்ற ஒன்பதும் ஒரே கோட்டில் மின்ன, இது மட்டும் வேறு திசையில் மின்னியது.

அகலப் பக்கத்தில் இருப்பவை ஒற்றைப்படை எண் பின்கள், 1-இலிருந்து 19 வரை. ஓரம் என்றால் 1 அல்லது 19. எந்த ஓரம் என்று படம் பார்த்து யூகிப்பதை விட அளந்துவிடுவது நல்லது. என்னிடம் ஒரு பிரேக்அவுட் போர்டு உண்டு: ஒரு எச்டிஎம்ஐ சாக்கெட், ஒவ்வொரு பின்னுக்கும் எண் போட்ட திருகு முனை. கன்சோலின் மின்சாரத்தைத் துண்டித்து, கேபிளின் மறுமுனையை இதில் செருகி, 17-க்கும் 19-க்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். பீப் என்று கத்தியது, அதாவது இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 17 என்பது கிரவுண்ட், மின்சாரம் திரும்பிப் போகும் பொதுக் கம்பி. ஹாட் பிளக் கம்பி கிரவுண்டோடு நேரடியாக ஒட்டியிருக்கவே கூடாது. கன்சோலை ஆன் செய்து 18-ஐ அளந்தால் 5 வோல்ட் சரியாக இருந்தது. கன்சோல் ஒழுங்காகத் தட்டுகிறது. டிவியும் பதில் சொல்கிறது. அந்தப் பதில் போர்ட்டின் வாசலிலேயே கிரவுண்டுக்குள் போய்விடுகிறது. வெள்ளை விளக்கும் 'நோ சிக்னலும்' ஒரே நேரத்தில் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

நல்ல வேளையாக இது 19. டிவி தரப்பில் அந்தக் கம்பியில் 1 கிலோ ஓம் இருப்பதால் ஓடியது சுமார் 5 மில்லி ஆம்பியர்தான், யாருக்கும் சேதமில்லை. எதிர்ப்பக்கத்தில் 18-ஆம் பின் சாய்ந்து 16-ஐத் தொட்டிருந்தால், பேச்சு நடக்கும் கம்பியில் நேராக 5 வோல்ட் ஏறியிருக்கும். பின் வளைந்திருக்கிறது என்ற சந்தேகம் வந்த பிறகும் 'இந்தக் கேபிளைப் போட்டுப் பார்ப்போம், அந்த டிவியில் போட்டுப் பார்ப்போம்' என்று செருகிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மெல்லிய தையல் ஊசியால் பின்னை அதன் பள்ளத்துக்குள் தள்ளினேன். படம் வந்தது. பையன் குதித்தான். கேபிளை லேசாக ஒரு விரலால் தொட்டேன், படம் போய்விட்டது. விசாரித்தால் கதை வந்தது: கேபிளைக் கழற்றாமலே கன்சோலைப் பலமுறை முன்னால் இழுத்திருக்கிறான். பிளாஸ்டிக் நாக்கிலேயே விரிசல். ஊசி வைத்தியம் நிற்காது, போர்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

இந்த வேலையைச் சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் முதல் வேலையாக எடுக்க வேண்டாம். மூடியைத் திறப்பது சுலபம். நடுவில் துளையுள்ள டார்க்ஸ் திருப்புளி, டி8 அல்லது டி9, போதும். பவர் சப்ளை உள்ளேயே இருப்பதால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். சற்று நேரம் விட்டுத்தான் கைவைக்க வேண்டும். போர்டை வெளியே எடுக்க, சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கைப் பிரிக்க வேண்டியிருக்கும், எனவே புதிய தெர்மல் பேஸ்ட் கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது.

போர்ட்டின் நான்கு கால்கள் போர்டைத் துளைத்து இறங்கியிருக்கின்றன. அவை கிரவுண்ட் தகட்டோடு சேர்ந்தவை என்பதால் சூட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மேலிருந்து ஹாட் ஏர், அதாவது சூடான காற்று, மட்டும் அடித்தால் பின்கள் இளகும், கால்கள் இளகாது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து நெம்பினால் போர்டில் பின்னைப் பற்றவைக்கும் செப்புத் தடமான பேட் பெயர்ந்துவிடும். பேட் போனால் வேலை பத்து மடங்கு. நான் செய்தது: சுற்றியுள்ள பிளாஸ்டிக்குக்கு வெப்பம் தாங்கும் கேப்டன் டேப், கால்களில் குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தைக் கலந்துவிட்டது, போர்டை அடியிலிருந்து மெதுவாகச் சூடாக்கியது, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தாராளமாக, அதன் பிறகே ஹாட் ஏர். ஒரு கட்டத்தில் போர்ட் தானாக லேசாக ஆடும். அந்த ஆட்டம் வரும் வரை தொடவே கூடாது. வந்ததும் இடுக்கியால் எடுத்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வரும்.

பழைய ஈயத்தைச் செப்புத் திரியால் உறிஞ்சி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். 19 பேட்களும் முழுசாக இருந்தன. புதிய போர்ட்டை உட்காரவைத்து, மூலைவிட்டமாக இரண்டு கால்களை மட்டும் பற்றவைத்துக்கொண்டு லென்ஸில் பார்த்தேன். பின்னுக்கும் பின்னுக்கும் அரை மில்லிமீட்டர்தான். கால்கள் நான்கையும் முடித்துவிட்டால் அப்புறம் நகர்த்த முடியாது. நேராக இருந்தது, மீதியையும் பற்றவைத்தேன்.

உடனே மூடி மாட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கஷ்டமான பகுதி. பிரேக்அவுட் போர்டைத் திரும்பவும் செருகி, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனை கிரவுண்டில், கறுப்பு முனை ஒவ்வொரு பின்னிலும். 2, 5, 8, 11, 17 ஐந்தும் கிரவுண்ட் என்பதால் பீப் வர வேண்டும். படம் சுமக்கும் எட்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஏழு ஒன்றுபோலக் காட்டின. 12-ஆம் பின் திறந்த சுற்று என்றது. லென்ஸில் பார்த்தால் ஈயம் பின்னைப் பிடித்திருக்கிறது, பேடைப் பிடிக்கவில்லை. 12 என்பது கிளாக் ஜோடியில் ஒன்று. அப்படியே மூடியிருந்தால் ஹாட் பிளக் நடந்திருக்கும், ஈடிஐடி படித்திருக்கும், ஆனால் கிளாக்கின் ஒரு கால் முறிந்த நிலையில் டிவி படத்தைப் பிடித்திருக்காது. நானும் போர்ட்டை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் எம்என்86471ஏ என்ற எச்டிஎம்ஐ சிப்பைச் சந்தேகித்திருப்பேன். ஃப்ளக்ஸ் வைத்து ஒரு தொடு. எண் மற்ற ஏழோடு சேர்ந்தது. மூடி மாட்டினோம், படம் வந்தது, கேபிளை ஆட்டியும் போகவில்லை.

அவன் வீட்டில் மாட்டியபோது சின்னதாக ஒரு இடைஞ்சல். சவுண்ட்பார் வழியாக டிவிக்குப் போகும் இணைப்பில் கேம் நன்றாக ஓடியது. வீடியோ ஆப்பைத் திறந்தால் மட்டும் கறுப்பு. கேம்களுக்குப் பிஎஸ்4-இல் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டை அணைத்துவைக்கலாம், வீடியோ ஆப்களுக்கு அது கட்டாயம். எனவே 'கேமில் வருது, படத்தில் வரல' என்றால் கேபிளைக் குறைசொல்ல வேண்டாம். கன்சோலை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும், டிவியிலிருந்து அதைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வழியாகச் சவுண்ட்பாருக்கு அனுப்பினோம். அப்புறம் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தது; அதற்குக் காரணம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் எல்லை வகுக்கும் ஆர்ஜிபி ரேஞ்ச் அமைப்பு. டிவியும் கன்சோலும் ஒன்று ஃபுல், ஒன்று லிமிடெட் என்று நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி பரண் பெட்டி. பிஎஸ்2-இன் சிவப்பு விளக்கு பச்சையானது, டிஸ்க் சுற்றியது. கேபிளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள். இன்றைய டிவியில் அவற்றுக்கு இடம் இல்லை. ஹெட்ஃபோன் துளை மாதிரி ஒரே ஒரு 3.5 மில்லிமீட்டர் துளை, 'ஏவி இன்' என்று எழுதியிருக்கும். அதற்கு ஒரு இணைப்பு வால் வேண்டும்: ஒரு பக்கம் 3.5 முனை, மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். அவன் எங்கிருந்தோ பழைய கேமராவுக்கு வந்த வாலைத் தேடி எடுத்து மாட்டியிருந்தான். படம் இல்லை. ஆனால் வலது ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று ஒரு உறுமல்.

அந்த உறுமல்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஃபிரேம் மாறும் வேகத்தில் ஏறி இறங்கும் வீடியோ சிக்னல், ஒலிக்கான கம்பியில் போய் விழுந்தால் இப்படித்தான் கேட்கும். இந்த 3.5 மில்லிமீட்டர் முனையில் நான்கு தொடர்புகள் இருக்கின்றன; எந்த வளையத்தில் எது என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை. ஒரு வகையில் வீடியோ அடியில், இன்னொரு வகையில் நுனிக்கு அடுத்த வளையத்தில். கிரவுண்ட் மூன்றாவதாக இருக்கும் வகையும் உண்டு, அடியில் இருக்கும் வகையும் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒரே வால்தான்.

மஞ்சள் முனையைச் சிவப்புத் துளையிலும், சிவப்பு முனையை மஞ்சள் துளையிலும் மாற்றிச் செருகினேன். படம் வந்தது, உறுமல் நின்றது. கிரவுண்ட் சரியான வளையத்தில் இருந்து, மற்றவை மட்டும் இடம் மாறியிருந்தால் இந்த எளிய வழி போதும். கிரவுண்டே மாறியிருந்தால் எப்படி மாற்றிச் செருகினாலும் பயனில்லை. அதைக் கண்டுபிடிக்க, மூன்று துளைகளின் வெளி உலோக வளையத்தில் மீட்டரின் ஒரு முனை, 3.5 முனையின் ஒவ்வொரு வளையத்திலும் மறுமுனை. பீப் அடிப்பது கிரவுண்ட். டிவியோடு வந்த வால் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

படம் வந்தது சரி, ஆனால் பெரிய திரையில் மஞ்சள் கேபிளின் படம் கழுவிவிட்ட மாதிரிதான் இருக்கும். நிறமும் ஒளியும் ஒரே கம்பியில் நெரிபடுவதன் விளைவு. கூடத்தில் இருந்த கொஞ்சம் பழைய டிவியில் பச்சை, நீலம், சிவப்பு காம்போனென்ட் துளைகள் இருந்தன, எனவே அந்தக் கேபிளுக்கு மாறினோம். அந்த மாதிரி டிவிகளில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொது. மஞ்சள் முனையை அதில் செருகிவிட்டு ரிமோட்டில் காம்போனென்ட்டைத் தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும்: டிவி ஒளியைப் பச்சையிலும் நிறத்தை நீலம், சிவப்பிலும் எதிர்பார்க்கிறது, அவை இரண்டும் காலி. நிறம் மட்டும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அப்புறம் டிவி மெனுவில் கலர் சிஸ்டம் ஆட்டோவில் இருக்கிறதா, பால் அல்லது என்டிஎஸ்சி என்று யாராவது பூட்டிவைத்திருக்கிறார்களா என்பது. காம்போனென்ட் கேபிளில் சிவப்பு முனைகளே இரண்டு, ஒன்று படத்துக்கு, ஒன்று ஒலிக்கு. அவையும் இடம் மாறும்.

எங்கள் பெட்டியில் முனைகள் எல்லாம் சரியாக இருந்தும் நிறம் கோணலாக இருந்தது. பிஎஸ்2-இன் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்போனென்ட் வீடியோ அவுட் என்று ஒரு வரி உண்டு. அது ஆர்ஜிபியில் நின்றால் காம்போனென்ட் கேபிளில் நிறங்கள் கெடும், இல்லையென்றால் படமே நிலைக்காது. மஞ்சள் கேபிளுக்குத் திரும்பி மெனுவைப் பார்த்து, ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர் என்பதற்கு மாற்றிவிட்டு, மறுபடி காம்போனென்ட்டைச் செருகினால் படம் தெளிவாக நின்றது. பிஎஸ்2-இன் பின்னால் செருகும் சின்ன எச்டிஎம்ஐ மாற்றிகளும் காம்போனென்ட்டைத்தான் டிஜிட்டலாக்குகின்றன. அவற்றில் நிறம் கெட்டாலும் பார்க்க வேண்டியது இதே வரிதான்.

கடைசியாக அவன் ஒரு பிஎஸ்1 டிஸ்க்கைப் போட்டான். மெனு தெரிந்தது, கேம் தொடங்கியதும் திரை கறுத்தது. கன்சோலில் கோளாறு இல்லை. பிஎஸ்1 கேம்களில் பெரும்பாலானவை 240பி, அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக வரையாமல் 240 வரிகளை மட்டும் ஒவ்வொரு முறையும் வரைவது. காம்போனென்ட் துளையில் டிவிகள் எதிர்பார்க்கும் 480ஐ, 576ஐ, 480பி, 720பி, 1080ஐ வரிசையில் இது இல்லை. சில டிவிகள் 480ஐ என்று நினைத்து ஏற்றுக்கொள்ளும், சில கைவிரிக்கும். ஆசையாக விளையாடுகிறவர்கள் இதற்கென்றே வரிகளை இரட்டிப்பாக்கும் லைன் டப்ளர் வாங்கி நடுவில் வைக்கிறார்கள். மஞ்சள் துளையில் அதே டிவிகள் பெரும்பாலும் 240பியை மறுப்பதில்லை. எனவே பிஎஸ்2 டிஸ்க்குக்குக் காம்போனென்ட், பிஎஸ்1 டிஸ்க்குக்கு மஞ்சள் என்று இரண்டு கேபிளையும் கன்சோலோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.